பர்வீனுடைய ஆட்டச் செருப்பு

1

திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கச்சி போன் போட்டுச் சொல்லித்தான், ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் என் சொந்த மகள் ஊரை விட்டே போகப்போகிறாள் என்கிற சேதி எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. கனடாவில் நான் இருப்பது ஹாமில்டன். மகள் பர்வீன் இருப்பது டொராண்டோ. நடுவில் ஒரே ஒரு நெடுஞ்சாலை. ஆனால் எங்கள் வீட்டுச் சேதி டொராண்டோவில் கிளம்பி, திண்டுக்கல் பேகம்பூருக்குப் போய், என் தங்கச்சி மெகரு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வரும். இரண்டு வருடமாக இதுதான் பாதை.

"ஏண்ணே, ஒனக்கு விசயம் தெரியுமா? ஒம்மக ஞாயித்துக்கெழம வான்கூவர் போறாளாம். அங்கிட்டு வேலையாம். இனிமே அங்கிட்டுத்தானாம்," என்றாள் மெகரு.

"போகட்டும்."

"போகட்டுமா? நல்லா இருக்குண்ணே நீ பேசுறது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் மச்சான் இருந்திருப்பார். "நாலு மாசமா அவ வீடியோவப் போட மாட்டேங்குறா. வெறும் பேச்சுத்தான். 'ஒரு வாட்டி போடுத்தா, மாமி ஒன் மொகத்தப் பாக்கணும்'னு கெஞ்சிப் பாத்துட்டேன். கேமரா கெட்டுப்போச்சுங்குறா. நாலு மாசமாவா ஒரு கேமரா கெட்டுக் கெடக்கும்? கொரலும் சரியில்ல. என்னமோ இருக்கு. வெள்ளிக்கெழம ராத்திரி அவ டான்ஸ் ஆடுற எடத்துல இவளுக்காக ஏதோ வச்சிருக்காங்களாம். நீ போ. புள்ளயக் கண்ணால பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. அவ நல்லா இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சா எனக்கு அது போதும்."

"நான் போனா அவ மொகத்தத் திருப்பிக்குவா."

"திருப்பட்டும். திருப்புற மொகத்தயாவது பாத்துட்டு வா."

எங்களைப் பெற்ற அத்தாவுக்கு அப்புறம் எனக்கு உத்தரவு போடுகிற ஒரே ஆள் மெகருதான். என்னை விட ஏழு வயது சின்னவள். சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

2

எனக்கும் பர்வீனுக்கும் நடந்த சண்டையைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் வீட்டுக்காரி ஜமீலா மவுத்தாகி இரண்டரை வருடம் ஆகிறது. காலையில் எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள், நான் மத்தியானம் அதைத் திறக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. இங்கே அடக்கம் செய்யக்கூட முறை வைத்துத்தான் இடம் கொடுப்பார்கள். பனிக்காலம். மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். ஊரில் என்றால் வீடு நிறைய ஆள் இருக்கும், அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள், பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்துகொண்டே இருக்கும். இங்கே நானும் பர்வீனும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிவாசலிலிருந்து ஒருவர் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார். நாலாம் நாள் நான் என் செருப்புக் கடையைத் திறந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இருந்தது.

ஐந்து மாதம் கழித்து பர்வீன் சல்சா ஆட்டம் கற்றுக்கொள்ளப் போக ஆரம்பித்தாள். ஆணும் பெண்ணும் கை பிடித்து ஆடுகிற, தென்னமெரிக்கப் பக்கத்து ஆட்டம். வெள்ளிக்கிழமை போனால் ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணிக்கு வருவாள். மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் சமையலறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஆட்டச் செருப்பு வைத்த பையோடு உள்ளே வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகவில்லை.

"உங்கம்மா கபுரு மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள ஆட்டம் கேக்குதா?" என்றேன்.

அவள் கத்தவில்லை. "நீங்க நாலாம் நாள் கடையத் தெறந்தீங்க அத்தா. நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றாள்.

பதில் இல்லாதபோது நான் சத்தம் போடுவேன். போட்டேன். அந்த வாரமே அவள் டொராண்டோவில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டாள். கோபத்தில் போனதில் செருப்புப் பையைக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டாள்.

3

இதற்கு நடுவில் ஒரு கடுதாசிக் கூத்து. பர்வீன் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கவர் என் வீட்டுக்கு வந்தது. மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி. அவளிடம் சேர்க்க வேண்டுமே என்று அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் எடுத்து நாற்பது நிமிடம் உட்கார்ந்து, என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ரொம்பத் தன்மையானவள்.

"இவர் இப்போது எந்த முகவரியில் இருக்கிறார்?" என்றாள்.

"தெரியாது."

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

"அப்பா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு படிவத்தை நீட்டி, கவரை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னாள். 'இந்த நபர் இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்பதுதான் அந்தக் கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் செருமினார்.

முன்பெல்லாம் இந்த மாதிரி அலுவலகங்களுக்கு பர்வீன்தான் என்னைக் கூட்டிப்போவாள். பன்னிரண்டு வயதிலிருந்தே அவள்தான் எனக்கு வாய். நான் தமிழில் கோபப்படுவதை அவள் ஆங்கிலத்தில் பணிவாக மாற்றிச் சொல்லுவாள். "எங்கப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று அவள் சொல்லும்போது, நான் அந்த ஆளைத் திட்டியிருப்பேன். ஜமீலா வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு நான் என் சொந்த வாயாலேயே தேங்க்யூ சொல்லிவிட்டு, டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு எப்படிப் போவது? திண்டுக்கல்காரன் எவனாவது ஒரு வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போவானா? யோசித்துப் பார்த்ததில் கதவுக்குப் பின்னால் இருந்த செருப்புப் பைதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக நான் அதைத் தொடவில்லை. வியாழக்கிழமை கடைக்கு எடுத்துப்போனேன்.

என் தொழிலைத் தெரியாதவர்களுக்காக: பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் பதினான்கு வருடம் இருந்தேன். அய்யலூர்ச் சந்தையில் விற்கிற ஆடு, கறியாகப் போனதுபோக மிச்சம் எங்களிடம்தான் வரும். என் வேலை தரம் பிரிப்பது. பதனிட்டுக் காய்ந்த தோலை ஒவ்வொன்றாக விரித்து, தடவிப் பார்த்து, ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்றாகப் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, அறுத்தவன் கை தடுமாறிய இடம், எல்லாம் விரலுக்குத் தெரியும். இங்கே வந்தபிறகு ஒரு மாலில் செருப்பு ரிப்பேர்க் கடை. முதலில் கூலிக்கு இருந்தேன், இப்போது என்னுடையது.

அலுவலகச் செருப்பு வரும், பனிக்கால பூட்ஸ் வரும். ஆட்டச் செருப்பு ஒன்றுகூட இத்தனை வருடத்தில் வந்ததில்லை. பர்வீனுடையதைத் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய வார், சின்னக் குதிகால், எல்லாம் சரி. அடித்தோலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலில் மயிர் இருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும், அதுதான் வெளியே தெரிய வேண்டும். சதை ஒட்டியிருந்த பக்கம் சொரசொரப்பு, அது உள்ளே போக வேண்டும். இதில் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்து ஒட்டியிருந்தான். அதுவும் தேய்ந்து, அழுக்கேறி, கறுத்துப்போயிருந்தது. என் பிள்ளையை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். தோல்ஷாப்பில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள்.

பழைய அடியைப் பிய்த்தேன். என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த தோலை எடுத்து, வெட்டி, ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து, மெழுகு போட்டு இரண்டு மணி நேரம் பாலிஷ் ஏற்றினேன். வாசலில் வாடிக்கையாளர் மூன்று பேர் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். முடித்தபோது அடியில் டியூப்லைட் தெரிந்தது. இரண்டு வருடத்தில் நான் அவளுக்குச் செய்த முதல் காரியம். மன்னிப்புக் கேட்க வராத வாய்க்கு இது போதும் என்று நினைத்தேன்.

5

ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே மாடியில் அந்த ஹால். படி ஏறும்போதே தப்பட்டைச் சத்தம் மாதிரி ஒரு கொட்டு நெஞ்சில் இடித்தது. வாசலில் ஒரு மேசை, அதன் பின்னால் அறுபது வயதுப் பெண்மணி. பெயர் மார்த்தா, கொலம்பியாக்காரி, அவள்தான் அந்த இடத்தை நடத்துகிறாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே லட்சணம். அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

"உங்கள் ஜோடி எங்கே?" என்று கேட்டு, என் மணிக்கட்டில் ஒரு முத்திரையைக் குத்தினாள்.

"ஜோடி இல்லை. நான் அப்பா."

"யாருக்கு?"

"பர்வீனுக்கு."

அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள். "பர்வீனுக்கு அப்பா இருக்கிறாரா?" என்றாள்.

இந்த ஒரு கேள்வியை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்காதீர்கள். தலையை ஆட்டினேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே மரத்தரை. மங்கலாகச் சிவப்பும் நீலமுமாக விளக்கு. எழுபது எண்பது பேர் இருப்பார்கள். கிழவர், குமரி, குண்டு, ஒல்லி, கறுப்பு, வெள்ளை என்று சகல விதமும் இருந்தது. ஒருவர் கையை நீட்டுகிறார், இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார், ஒரு பாட்டு முடியும் வரை உயிருக்கு உயிரானவர்கள் போல ஆடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுகிறார்கள். யாரும் யாரையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எதையெதையோ மனதில் கற்பனை செய்துகொண்டு போயிருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அத்தா?"

பர்வீன் எதிரில் நின்றாள். தலையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "நீங்க எங்க இங்க?"

"சும்மாதாம்மா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்." ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு டொராண்டோவில் என்ன வேலை? வாயில் வந்ததைச் சொன்னேன். "இந்தா, இது வீட்ல கெடந்துச்சு."

பையைத் திறந்து பார்த்தாள். "இத இன்னும் வச்சிருந்தீங்களா?"

"புது அடி போட்டிருக்கேன். பழசு மட்டமான வேல. இது பத்து வருசத்துக்கு வரும்."

அவள் கொஞ்ச நேரம் அந்த அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, காலில் இருந்ததைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வார் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

முதல் பாட்டில் ஒரு தடவை வழுக்கினாள். கூட ஆடிய பையன் பிடித்துக்கொண்டான். அப்புறம் சின்னச் சின்னதாகக் கால் எடுத்து வைத்து ஆடினாள், சேற்றில் நடக்கிற மாதிரி. இந்த ஆட்டமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்த்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த அடியோடு எப்படி ஆடுவாள்? விழுந்து காலை உடைத்துக்கொள்வாள்," என்றாள். "சொரசொரப்பாக இருந்தால்தான் மரத்தரையில் பிடிப்பு இருக்கும், சுற்றித் திரும்பவும் முடியும். அவளிடம் வேறு செருப்பு இருக்கிறது. மாற்று என்றேன். மாட்டேன் என்கிறாள். அப்பா போட்டுக் கொடுத்த அடி என்கிறாள்."

என் பதினான்கு வருடத் தோல் ஞானமும் அந்த நிமிடத்தில் போயே போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை. ஆட்டச் செருப்புக்கு அதுதான் முறை. இரண்டு மணி நேரம் பாலிஷ் போட்டு என் பிள்ளையைச் சறுக்கு மரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன், மடையன்.

ஓடிப்போய்க் காரிலிருந்து என் கருவிப் பையை எடுத்து வந்தேன். "கழட்டும்மா, கழட்டு, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். மேசை மேல் வைத்து மெழுகைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பி பிரஷ்ஷால் இழுத்து, வழவழப்பான பக்கத்தையே சொரசொரப்பாக்கினேன். இருபது நிமிடம் ஆனது. அவள் வெறுங்காலோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு உப்புத்தாள் சத்தம்தான் கேட்டது.

போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கால் வழுக்காமல் நின்றது.

அதோடு விட்டார்களா? இதைப் பார்த்த ஒரு பெண் தன் செருப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்னால் இன்னொருவர். அழுக்கேறிய அடியைப் பிரஷ் போட்டு எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. ஜமீலா போனபிறகு என்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றது அன்றைக்குத்தான். மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். தோளில் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் ஒரு தடவை பாட்டை நிறுத்தி எல்லாரும் வட்டமாக நின்றார்கள். ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு அது ஒரு வழக்கமாம். போகிற ஆள் வட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக உள்ளே போய் அரை நிமிடம் அவரோடு ஆடிவிட்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். பர்வீன் நடுவில் நின்றாள். மார்த்தா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், வா என்று. நான் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினேன், வேலை இருக்கிறது என்று. நாலைந்து வயதில் இவளை ஊருக்குக் கூட்டிப்போயிருந்தபோது, மெகரு கல்யாணத்தில் மண்டபத்து மொட்டைமாடியில் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்துக் குதித்து ஆடினாள். "அத்தா, நீங்களும் வாங்க" என்று என் கைலியைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்குப் பந்தி பார்க்கிற வேலை இருந்தது. இப்போது வட்டத்துக்குள் அவள் இடதுகால் சரியாகத் திரும்புகிறதா என்று உன்னிப்பாகப் பார்த்தேன். திரும்பியது. அடுத்த செருப்பை எடுத்தேன்.

ஒரு மணிக்குக் கிளம்பினேன். பர்வீன் படி வரைக்கும் வந்தாள்.

"கெளம்பிட்டீங்களா?"

"காலைல கட தெறக்கணும்லம்மா."

"சரித்தா. பாத்துப் போங்க."

நான் கருவிப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். அது சிக்கிக்கொண்டது. சரிசெய்துவிட்டுப் படி இறங்கினேன்.

6

நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகள் பேசிவிட்டாள், நான் போட்ட அடியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், இதைவிட என்ன வேண்டும்? அப்போது மெகருவின் போன். திண்டுக்கல்லில் காலை பத்தே முக்கால் இருக்கும். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன், பாத்தேன். நல்லாப் பேசுனா. மெகரு, நான் போட்ட அடிதான், அத அவ..."

"அத விடு. எப்படி இருக்கா? மெலிஞ்சிட்டாளா?"

"ம்..." என்றேன். "இருட்டா இருந்துச்சு."

"கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கா? அழுத மாதிரி தெரிஞ்சுச்சா?"

நான் யோசித்தேன். "எடது கால லேசா வெளிப்பக்கமா சாச்சு வைக்கிறா மெகரு. குதிகால் அந்த ஓரமாத் தேஞ்சிருக்கு. முந்தி அப்படி இல்ல."

அந்தப் பக்கம் குக்கர்கூட அடங்கிவிட்டது.

"அண்ணே," என்றாள் கடைசியில். "எப்படித்தா இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன்.

"இம்புட்டு நேரம் இருந்திருக்க. கேக்கல. அம்புட்டுத்தான?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காரை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தக்கூடாத இடம்தான். கண்ணை மூடி அவள் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். கால் வந்தது. பெருவிரலில் பாதி உரிந்த நகப்பூச்சு வந்தது. கணுக்காலில் சின்ன வயதில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு வந்தது. முகம் வரவில்லை. வந்த முகம் இரண்டு வருடத்துக்கு முந்தியது, சமையலறை வாசலில் சிரிப்பு அணைந்துபோன முகம். அத்தனை பேர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், பெற்ற பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. பார்த்தால் அதில் என்ன எழுதியிருக்குமோ என்று பயம். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பிப் போகலாம் என்றால் இந்த ஊர் நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. இறங்குகிற அடுத்த வழி வரும் வரைக்கும் அவளை விட்டு விலகிப் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். பதினோரு கிலோமீட்டர் போனேன். வாய்க்கு வந்த துஆவெல்லாம் ஓதிக்கொண்டே போனேன். அவள் போய்விடக்கூடாது, அவ்வளவுதான் கேட்டேன்.

7

ஹாலில் விளக்கு அணைந்திருந்தது. மார்த்தா கீழ்க்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், தெருமுனையைக் கையால் காட்டினாள்.

பஸ் நிறுத்தத்தில் பர்வீன் தனியாக உட்கார்ந்திருந்தாள். செருப்புப் பை மடியில். நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளை வெளேரென்று விளக்கு எரிந்தது. நான் காரை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனேன்.

"என்னத்தா, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லம்மா."

நின்று பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே மெகரு சொன்ன கறுப்பு அப்படியே இருந்தது. தலைத்துணியை அவிழ்த்திருந்தாள். இடுப்பு வரை இருந்த முடியைக் காதோரம் வரை வெட்டியிருந்தாள். ஜமீலா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்த முடி. நெற்றியோரத்தில் இரண்டு மூன்று நரை. இருபத்தேழு வயதுதான் ஆகிறது. மெகரு ஒரு நொடி பார்த்திருந்தால் போதும், அடுத்த விமானத்தில் வந்து இறங்கியிருப்பாள்.

"எப்படிம்மா இருக்க?" என்றேன்.

"நல்லாருக்கேன்" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. நான் பார்வையை எடுக்கவில்லை.

"நல்லா இல்லத்தா," என்றாள். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் தேடித் தேடித்தான் பேசினாள். "அம்மா போனதுல இருந்தே நல்லா இல்ல. தூக்கம் வராது. வேலையில ஒண்ணும் ஓடாது. தல சீவ உக்காந்தா அம்மா ஞாபகம் வந்துரும், அதான் வெட்டிட்டேன். மாமி பாத்தா அழுவாங்கன்னு வீடியோ போடல. ஆடும்போது மட்டும், ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு, செத்த நேரம் மறந்திருக்கும். அதுக்குத்தான் போனேன். சந்தோசமா இருந்து போகல அத்தா."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் நல்லா இல்லம்மா," என்றேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு."

இரண்டு பேரும் எதிரே இருந்த என் காரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கார்ல வா. ஒன் ரூம்ல விட்டுட்டுப் போறேன்."

"வேணாம்த்தா. நான் பஸ்லயே போயிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரியும். கையை மட்டும் பெஞ்சின் மேல் வைத்திருந்தேன், அவள் பக்கமாக.

ராத்திரி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. டிரைவர் அவளைப் பார்த்தார். பர்வீன் எழுந்திருக்கவில்லை. போகலாம் என்று அவருக்குக் கையைக் காட்டினாள்.

"அடுத்ததுல போறேன் அத்தா," என்றாள்.

அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.